புதியவர் பறவையின் பெயரைத் தப்பாகச் சொன்னால் நாம் எப்படித் திருத்துகிறோம்?

அடையாற்றுக் கொக்கு (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, காலை 9.40

போன வாரம் நம் குழுவில் நடந்ததைப் பேசாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பெரம்பூர்ப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவர், தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த பறவையைக் கைபேசியில் படமெடுத்து, 'எங்கள் மாடிக்குக் கழுகு வந்திருக்கிறது' என்று எழுதியிருந்தார். படத்தில் இருந்தது கரும்பருந்து.

வந்த பதில்கள் இவை. 'கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.' 'காசிமேட்டுக்குப் போனால் இந்தக் கழுகை நூற்றுக்கணக்கில் பார்க்கலாம்.' 'கேட்பதற்கு முன் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கவும்.' கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். கடைசியில் யாரோ ஒருவர் 'கரும்பருந்து' என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டுப் போனார். அது ஏன் கரும்பருந்து என்று ஒருவரும் சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால் படமும் இல்லை, போட்டவரும் இல்லை.

வால் நுனி உள்வாங்கிப் பிளந்திருந்தால் கரும்பருந்து. விசிறியாக வட்டமாக முடிந்தால் செம்பருந்து. வளர்ந்த செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை; ஆனால் அதன் குஞ்சு உடல் முழுக்கப் பழுப்பு என்பதால் கரும்பருந்து என்றே தோன்றும், அப்போதும் வாலைத்தான் பார்க்க வேண்டும். இதை எழுத ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடத்தைக் கேலி எழுதச் செலவழித்தோம்.

தவற்றை மூடி மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கழுகு இல்லை என்றால் இல்லைதான். அதைச் சொல்லும்போது அவருக்கு அடுத்த முறை எது உதவும் என்று யோசித்தோமா என்பதுதான் என் கேள்வி. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள், சொல்லுங்கள்.

---

பழைய தொலைநோக்கி
ஞாயிறு, காலை 10.25

கொக்கு சார் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் மறுத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கரணையில் குப்பை மேடு வளர்ந்துகொண்டிருந்த காலத்திலிருந்து நான் அங்கே போகிறவன். அந்தச் சதுப்பு நிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது என்றால், அதற்குப் பின்னால் பல பேர் பல வருடம் எழுதி வைத்த பறவைப் பட்டியல்களும் இருந்தன. அந்தப் பறவைப் பட்டியல்களுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? தெரியாததைத் தெரியாது என்று எழுதினார்கள், அதிலிருந்து.

இப்போது நிலைமை என்ன? முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கிய மறுநாளே, காணக் கிடைக்காத பறவை பெரும்பாக்கம் ஏரியில் இருக்கிறது என்று ஒருவர் எழுதுகிறார். அதை நம்பி தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் ஆட்கள் விடியற்காலையில் கிளம்பி வருகிறார்கள். வந்து பார்த்தால் எங்கும் காணும் மடையான் கொக்கு. உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், பறக்கும்போது பளிச்சென்று வெள்ளைச் சிறகு, அவ்வளவுதான். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான ஈபேர்டில் இப்படி ஒன்று ஏறிவிட்டால் அதைச் சரிபார்ப்பவருக்கும் வேலை. அவரும் நம்மைப் போல ஊதியமில்லாத தன்னார்வலர்தான்.

ஒரே கேள்விக்கு நூறாவது முறையாகப் பதில் எழுதும்போது குரல் கொஞ்சம் தடிக்கத்தான் செய்யும். அதைக் கொடுமை என்று சொல்லாதீர்கள்.

---

எண்ணூர் முகத்துவாரம்
ஞாயிறு, காலை 11.05

> ஒரே கேள்விக்கு நூறாவது முறையாகப் பதில் எழுதும்போது

கேள்வி உங்களுக்கு நூறாவது முறை. கேட்டவருக்கு முதல் முறை. அதற்கு மேல் இதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஈபேர்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களே அதை இழுத்துவிட்டீர்கள்.

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தார் 2002-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் ஒரு பகுதிக்குப் பழக்கமில்லாத இனத்தையோ நம்ப முடியாத எண்ணிக்கையையோ ஒருவர் ஏற்றினால், அது தானாகவே தனியே எடுத்து வைக்கப்படும். பிறகு சரிபார்ப்பாளர் எழுதுவார். என்ன எழுதுவார்? எந்த அடையாளத்தை வைத்து இந்தப் பெயருக்கு வந்தீர்கள், படமோ குறிப்போ இருக்கிறதா என்று கேட்பார். பதில் போதவில்லை என்றாலும் அந்தப் பதிவு போட்டவரின் சொந்தப் பட்டியலில் அப்படியே இருக்கும். பொதுத் தரவில் மட்டும் சேராது. உலகம் முழுவதும் பட்டியல் வாங்குகிற இடத்திலேயே கறாரும் மரியாதையும் ஒன்றாக நடக்கிறது. நம் குழுவில் முடியாதா?

இன்னொன்று. நம் குழுவின் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், கேளம்பாக்கம், சிறுதாவூர், வேடந்தாங்கல். எல்லாம் தெற்கு. கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்திலிருந்து பட்டியல் போடுகிறவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். மணலி, மாதவரம், கொரட்டூர், ரெட்டேரி என்றால் நாம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கிருந்து படம் அனுப்பப்போகிறவர் யார்? பெரம்பூர் மாடியில் கைபேசியோடு நிற்கிற அந்தப் புதியவர்தான். அவர் போட்ட படத்தில் பெயர் மட்டும் தப்பு. இடம் சரி, தேதி சரி, படமும் தெளிவு. பெயரைத் திருத்தியிருந்தால் நமக்கு ஒரு பதிவு கிடைத்திருக்கும், வடசென்னையில் ஓர் ஆளும் கிடைத்திருப்பார். இரண்டும் போயிற்று.

---

மருதாணி
ஞாயிறு, பகல் 1.50

வணக்கம். இந்தக் குழுவில் நான் எழுதும் முதல் பதிவு இதுதான். படிப்பதோடு சரி. கேள்வியைத் தட்டச்சு செய்வேன், இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ என்று அழித்துவிடுவேன். என்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கழுகுப் பதிவுக்கு வந்த பதில்களை அவர் மட்டும் படிக்கவில்லை, நாங்களும் படித்தோம்.

திருத்துவது எப்படி என்று கொக்கு ஐயா கேட்டதால், எனக்கு ஒருவர் திருத்தியதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு வேப்பமரத்தில் ஒரு பறவை வந்து உட்காரும். பழுப்பு உடல், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, நீள வால். நான் அதை ஏதோ வல்லூறு என்று முடிவு கட்டியிருந்தேன். அண்ணா நகர் டவர் பூங்காவில் காலை நடைக்கு வரும் பெரியவர் ஒருவர் எப்போதும் கழுத்தில் பைனாகுலரோடு இருப்பார். அவரிடம் போய், 'எங்கள் வீட்டில் வல்லூறு வருகிறது சார்' என்றேன்.

அவர் மறுக்கவில்லை. 'கண் என்ன நிறம் அம்மா?' என்றார்.

'சிவப்பு.'

'அலகு வளைந்து கூராக இருந்ததா?'

யோசித்துப் பார்த்தேன். 'இல்லை சார், அவ்வளவு வளைவு இல்லை. வெளிர்ப் பச்சையாக இருந்தது.'

'காக்கைகள் அதைத் துரத்தினவா?'

'ஐயோ, விரட்டு விரட்டு என்று விரட்டின.'

'வல்லூறைக்கூடக் காக்கை விரட்டும். ஆனால் சிவப்புக் கண், பச்சை அலகு, புள்ளி போட்ட உடம்பு, இதோடு காக்கைக்கு இவ்வளவு கோபம் என்றால் அது யாராக இருக்கும்?' என்று சிரித்தார். எனக்கே பொறி தட்டியது. பெண் குயில்! கறுப்புக் குயிலைத்தான் குயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஆண். காலையில் கூவுவதும் அதுதான். பெண் புள்ளி போட்டிருக்கும், காக்கைக் கூட்டில் முட்டை வைக்கும், அதனால்தான் அந்தத் துரத்தல்.

அவரே பெயரைச் சொல்லியிருந்தால் நான் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். கேட்டுக் கேட்டு என்னையே சொல்ல வைத்ததால், இன்றைக்கு எந்தப் பறவையைப் பார்த்தாலும் முதலில் கண், பிறகு அலகு என்று என் பார்வை தானாகப் போகிறது.

---

பழைய தொலைநோக்கி
ஞாயிறு, பகல் 2.30

மருதாணி அம்மா, வருக. நல்ல பதிவு. அந்தப் பெரியவருக்கு எதிரில் நின்று பேசும் வசதி இருந்தது, நமக்குத் தலைப்பும் படமும்தான் கிடைக்கின்றன. பலர் இடத்தைக்கூட எழுதுவதில்லை. 'இது என்ன பறவை?' அவ்வளவுதான்.

---

அடையாற்றுக் கொக்கு
ஞாயிறு, பகல் 2.41

எழுதாவிட்டால் கேட்டால் போயிற்று. 'எங்கே பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு, தரையிலா மரத்திலா?' திட்டுவதைவிடச் சின்ன வாக்கியம்.

---

ஆறுமணிக்குருவி
ஞாயிறு, மாலை 4.15

கனிவு என்றவுடன் எல்லோரும் பேச்சின் தொனியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வரிசையைப் பற்றிப் பேசுகிறேன். எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது.

ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கும். வலசை வரும் ஆறுமணிக்குருவி களைத்துப்போய் மயிலாப்பூரிலோ தி. நகரிலோ ஏதாவது ஒரு வீட்டு ஜன்னல் கண்ணாடியில் மோதி விழும். பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. வீட்டுக்காரர் வாழ்நாளில் அப்படியொரு பறவையைப் பார்த்திருக்க மாட்டார். கையில் ஏந்தி, பிள்ளையோடு சேர்த்து ஒரு படம் எடுத்து, 'என்ன பறவை, என்ன கொடுக்கலாம்?' என்று குழுவில் கேட்பார்.

நம்மவர்கள் உடனே பாய்வார்கள். 'பறவையைக் கையில் பிடிக்கலாமா?' '1972 வனவிலங்குச் சட்டம் தெரியுமா?' 'இப்படிப் படம் போடுவது குற்றம்.' சட்டப் பாடம் நடந்துகொண்டிருக்கும் அந்த நேரம் முழுவதும் பறவை அவர் கையில்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. பயந்துபோய் அவர் படத்தை நீக்கிவிடுவார். அந்தப் பறவை என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியவே தெரியாது.

முதல் பதில் இப்படி இருக்கட்டும்: 'காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, அதில் வைத்து மூடுங்கள். இருட்டான, சத்தமில்லாத மூலையில் பெட்டியை வையுங்கள். வாயில் தண்ணீரோ சோறோ ஊட்டாதீர்கள். பூனை, காக்கை அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டால், வெளிச்சம் இருக்கும்போதே மரங்கள் உள்ள இடத்தில் திறந்துவிடுங்கள். சிறகு தொங்கினாலோ எழ முடியாவிட்டாலோ வனத்துறைக்கோ வேளச்சேரியில் உள்ள விலங்கு நல அமைப்பான புளூ கிராசுக்கோ சொல்லுங்கள்.' இரண்டாவது பதிலில் பெயர், அது எங்கிருந்து எங்கே போகிறது என்ற கதை. கையில் பிடித்துப் படம் எடுக்க வேண்டாம் என்பதை மறுநாள் சொல்லலாம், தனிச் செய்தியில். அன்றைக்கு அவர் அந்தப் பறவைக்காக அரைநாள் விடுப்பு போட்டிருப்பார்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. இருக்கட்டும்.

---

தமிழாசிரியர் ஓய்வு
ஞாயிறு, மாலை 5.02

பறவை எனக்குத் தெரியாது, பேத்திக்காகச் சேர்ந்தவன். ஆனால் புதியவனைத் தண்டிக்கும் புலவர் கதை நமக்கு ஒன்றும் புதிதில்லை. தப்பாகப் பாடினால் பிள்ளைப்பாண்டியன் தலையில் குட்டுவான், வில்லிபுத்தூரார் காதை அறுப்பார், ஒட்டக்கூத்தர் இரண்டு பேரின் குடுமியை ஒன்றாக முடிந்து தலையையே எடுத்துவிடுவார் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த வில்லிபுத்தூராரை அருணகிரிநாதர் வாதில் வென்றார். காதை அறுக்கும் உரிமை இப்போது அருணகிரியிடம். அவரோ அறுக்காமல், இனி இந்த வேலையை விட்டுவிடும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார் என்பது செவிவழிக் கதை. கிண்டலாக எழுதிய அன்பர்கள் இதில் தாங்கள் யார் என்று பார்த்துக்கொள்ளலாம்.

---

பழைய தொலைநோக்கி
ஞாயிறு, மாலை 5.20

ஐயா, நான் குட்டு அளவில்தான் நிற்கிறேன். காதுக்கு இன்னும் போகவில்லை.

---

வேளச்சேரி ஏரிக்கரை
ஞாயிறு, இரவு 8.10

கதை என்று வந்துவிட்டதால் பறவையியல் அறிஞர் சாலிம் அலியையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது சொல்லத்தான் போகிறீர்கள். பம்பாயில் சிறுவனாக இருந்தபோது அவர் ஒரு சிட்டைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. என்ன பறவை என்று மாமாவுக்குத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டுக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். மில்லர்டு அதன் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகள் அடுக்கிய இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார், படிக்கப் புத்தகமும் கொடுத்தார். பிறகு நடந்தது ஊரறிந்தது.

இதை எல்லோரும் கனிவுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் வேறொன்று படுகிறது. அந்தப் பையன் கையில் கொண்டுபோனது செத்த குருவி. அன்றைக்கு அது தப்பாகப் படவில்லை. இன்றைக்கு ஒரு பையன் கவணால் அடித்த குருவியின் படத்தை நம் குழுவில் போட்டு 'இது என்ன?' என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் பெயரைச் சொல்லுவோம்? நான் சொல்லுவேனா என்றே தெரியவில்லை. இதற்கும் கனிவுதான் பதிலா, கொக்கு சார்?

---

அடையாற்றுக் கொக்கு
ஞாயிறு, இரவு 8.45

கடினமான கேள்வி. பெயரைச் சொல்லுவேன், அடிக்கக்கூடாது என்பதையும் அதே பதிலில் சொல்லுவேன். தனியாகப் பேசவும் முயல்வேன். கவண் வைத்திருக்கிறவனுக்குக் குறி பார்க்கத் தெரிகிறது, அந்தக் கண்ணை வேறு பக்கம் திருப்ப முடியுமா என்று பார்ப்பேன். திரும்பவில்லை என்றால் பெற்றோரிடம் பேச வேண்டும். சும்மா விரட்டிவிட்டால் அவன் கவணோடு அதே தெருவில்தான் இருப்பான்.

---

பழைய தொலைநோக்கி
திங்கள், காலை 6.30

சரி, என் கையில் இருக்கும் கடைசி வாதம். கூட்டுப் படங்கள். மார்ச், ஏப்ரல் வந்தால் ஆட்காட்டியின் முட்டையை அரை அடி தூரத்தில் இருந்து எடுத்துப் போடுகிறார்கள். வெட்ட வெளியில், காலி மனையில், கூழாங்கல்லோடு கல்லாகக் கிடக்கும் நான்கு முட்டைகள். அந்தப் படத்துக்கும் 'எங்கே பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு' என்று இனிமையாகக் கேட்கச் சொல்கிறீர்களா? இடத்தைச் சொன்னால் மறுநாளே அங்கே பத்துக் கேமராக்கள் நிற்கும்.

---

மட்டுறுத்துநர்
திங்கள், காலை 9.00

கூட்டுப் படத்தை உடனே எடுத்துவிடுகிறோம். அதில் விவாதம் கிடையாது. எடுத்த பிறகு அனுப்பும் செய்தி இதுதான்:

'விதி 4-ஐ மீறியதால் உங்கள் பதிவு நீக்கப்பட்டது. மீண்டும் மீறினால் குழுவிலிருந்து நீக்கப்படுவீர்கள்.'

இதை மாற்ற வேண்டும் என்று நினைத்தால் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். குறை சொல்ல நிறையப் பேர் வருகிறீர்கள், எழுதிக் கொடுக்க ஆள் வருவதில்லை.

---

ஆறுமணிக்குருவி
திங்கள், காலை 9.35

இந்தாருங்கள்:

'வணக்கம். ஆட்காட்டியின் முட்டையைக் கண்டுபிடிப்பது எளிதல்ல, உங்கள் கண் கூர்மையானது. ஆனாலும் கூட்டின் படங்களை இங்கே வைப்பதில்லை. ஆள் நெருங்கினால் தாய் எழுந்து கத்திக்கொண்டு சுற்றும். அது எழுந்திருக்கும் நேரம் முழுவதும் முட்டை வெயிலில் காயும். சூட்டைத் தணிக்கத்தான் அது வயிற்று இறகை நீரில் நனைத்துக்கொண்டு வந்து உட்கார்கிறது. நீங்கள் நின்ற இடத்தைக் காக்கையும் கவனிக்கும். அதனால் படத்தை எடுத்துவிட்டோம். தூரத்தில் நின்று, தாய் என்ன செய்கிறது என்று குறிப்பெடுத்து அனுப்புங்கள், அதைப் போடுகிறோம்.'

---

மட்டுறுத்துநர்
திங்கள், காலை 9.50

நீளம். ஆனாலும் எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை செய்பவருக்கு இது போகும். அதே ஆள் திரும்பச் செய்தால் பழைய செய்திதான் போகும்.

---

பழைய தொலைநோக்கி
திங்கள், காலை 10.05

இதற்கு நான் சம்மதம்.

---

கேளம்பாக்கம் உப்பளம்
திங்கள், மாலை 6.40

எல்லோரும் கடுமையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு நேர்ந்தது நேரெதிர். கல்லூரி முதலாண்டில் வேறொரு குழுவில் சேர்ந்தேன். நான் எடுத்த வெள்ளைக் கொக்குப் படம் எதைப் போட்டாலும் 'அருமை தம்பி', 'அழகு', கைதட்டல். ஒரு பருவம் முழுவதும் எல்லாவற்றுக்கும் சின்னக் கொக்கு என்றே பெயர் எழுதிவந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவற்றில் பாதி உண்ணிக்கொக்கு, இரண்டு பெரிய கொக்கு. சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்குக்கு அலகே மஞ்சள். பெரிய கொக்குக்கு வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். இதை எனக்குச் சொன்னது ஒரு சரிபார்ப்பாளரின் மின்னஞ்சல். பாராட்டியவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். சின்னப் பையன் மனம் நோகுமே என்று விட்டிருக்கிறார்கள். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. பழைய தொலைநோக்கி ஐயா அந்தக் குழுவில் இருந்திருந்தால் முதல் வாரமே குட்டியிருப்பார், எனக்கு ஒரு பருவம் மிச்சமாகியிருக்கும்.

---

எண்ணூர் முகத்துவாரம்
திங்கள், இரவு 7.15

தம்பி சொல்வது நியாயம். பாராட்டிவிட்டுப் போவது சோம்பேறித்தனம், கேலியும் சோம்பேறித்தனம்தான். இரண்டிலும் பறவையைப் பார்க்கிற வேலை மிச்சம்.

கொக்கு சார், பெரம்பூர்க்காரரிடம் யாராவது பேசினீர்களா?

---

அடையாற்றுக் கொக்கு
திங்கள், இரவு 7.30

எழுதினேன். வாலைப் பற்றிய குறிப்பையும் சேர்த்து அனுப்பினேன். பதில் வரவில்லை. வரவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

மட்டுறுத்துநரிடம் ஒரு வேண்டுகோள். அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் படத்தோடு ஒரு பக்கக் குறிப்பு எழுதி மேலே நிறுத்தி வைக்கலாம். 'தேடிப் பாருங்கள்' என்று சொல்வதற்குப் பதில் இணைப்பைக் கொடுத்துவிடலாம். நூறாவது முறை எழுதுகிறவரின் அலுப்பும் குறையும்.

---

மட்டுறுத்துநர்
திங்கள், இரவு 8.05

நிறுத்தி வைக்கிறேன். யார் எழுதுவது?

---

பழைய தொலைநோக்கி
திங்கள், இரவு 8.20

பருந்துகளை நான் எழுதுகிறேன். இரண்டு வகைக்கும் நல்ல படம் என்னிடம் இருக்கிறது, குஞ்சுப் பருவத்துப் படமும் சேர்த்து. கொக்குகளை உப்பளம் தம்பி எழுதட்டும், அடிபட்டுக் கற்றவர். பெண் குயில் மருதாணி அம்மாவுக்கு. அந்தக் கேள்வி பதிலை அப்படியே போட்டாலே போதும்.

---

மருதாணி
திங்கள், இரவு 8.32

நானா? படம் கைபேசியில் எடுத்ததுதான் சார், கொஞ்சம் மங்கலாக இருக்கும்.

---

பழைய தொலைநோக்கி
திங்கள், இரவு 8.36

கண் சிவப்பாகத் தெரிகிறதா? தெரிந்தால் போதும், அனுப்புங்கள்.

---

வேளச்சேரி ஏரிக்கரை
திங்கள், இரவு 8.50

ஒன்றுபோலவே தோன்றும் உள்ளான்களை யார் எழுதப்போகிறீர்கள்?

---

ஆறுமணிக்குருவி
திங்கள், இரவு 8.52

உள்ளான் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதில் பழையவர்களே இன்னும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டிருக்கிறோம், அவ்வளவு மரியாதையாகவும் இல்லை.